பாப்பாவுக்கு ரத்தம் யார் தருவது?

மகள் நாலு மாதம் முழுகாமல் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்திருக்கிறாள். இரும்புச் சத்து மாத்திரையை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"வவுத்தைப் பெரட்டுதுங்ம்மா. எப்படியும் என்ர ரத்தம்தானே பாப்பாவுக்குப் போகுது?"

அதுதான் இல்லை, சகோதரிகளே! குழந்தை தன் ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கருவுற்ற மூன்றாவது வாரமே, கருவை ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் தொடக்கம். பிறகு கல்லீரல், கடைசியில் எலும்பு மஜ்ஜை. எதுவாகவும் மாறக்கூடிய மூல செல்களை 'ரத்தமாகு' என்று ஏவுபவை, வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள். 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மனிதக் கருவின் மூல செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். பிறகு அவற்றோடு இந்தப் புரதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ரத்த செல்களையே உண்டாக்கிவிட்டார்கள். வரிசை முக்கியம். கடுகு வெடிக்குமுன் கறிவேப்பிலையைப் போடுவோமா?

சிவப்பணுக்களைப் பெருக்கும் காரணி எரித்ரோபாயட்டின். பாப்பாவின் கல்லீரலே அதைச் சுரக்கிறது. ஆனால் சிவப்பணுவுக்குள் நிரப்ப வேண்டிய இரும்பு? அது அம்மாவிடமிருந்துதான் போயாக வேண்டும்.

இதைச் சொன்ன பிறகு, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குகிறாள். காபியை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்றால்தான் முகம் சுளிக்கிறாள்!