கடலைக் கேட்டுப் படகேறுவோம்

பாம்பன் வட்டாரத்து மக்கள் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ‘ஆண் கடல்’ என்றும், வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் ‘பெண் கடல்’ என்றும் அழைக்கிறார்கள். தென்கடல் எவ்வளவு முரடானது என்பதை நாங்கள் ஏமாற்றத்தோடுதான் கற்றுக்கொண்டோம்.

சென்ற ஆகஸ்டு மாதம் பவளப்பாறைகளைக் காணும் ஆவலுடன் எங்கள் வகுப்பினர் மண்டபம் சென்றோம். வானில் மேகமே இல்லை. ஆனால் படகோட்டித் தாத்தாவோ, “இன்னைக்கு வேண்டாம் பிள்ளைகளா, கச்சான் அடிக்குது” என்று சொல்லிவிட்டார். உடன் வந்த சிஸ்டரும் தலையசைத்தார்கள். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று கரையில் அமர்ந்து தாத்தாவிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் படித்தறிந்தவற்றையும் இங்கே தருகிறோம்.

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான், மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்கச் செய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்று வடகடலைக் கலக்கும். தை பிறந்த பின் பங்குனி வரை தென்கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும்.

இரண்டாவது நீரோட்டம். மீனவர்கள் இதை ‘நீவாடு’ என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறுவதும் வற்றுவதும் மிகும். நீர் வற்றிய நேரத்தில் படகின் அடி பாறையில் உரசிவிடும்.

மூன்றாவது தெளிவு. அலை மணலைக் கிளறினால் அடியில் எதுவும் தெரியாது. கலங்கிய நீரில் இறங்குபவர் தம்மை அறியாமலே பவளத்தை மிதித்துவிடுவார்.

மிதித்தால் என்ன என்று கேட்கலாம். பவளம் வெறும் கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் குடியிருப்பு. பல இனங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்களே வளரும். அவற்றின் உடலில் வாழும் நுண்பாசியே நிறமும் உணவும் தருகிறது. நீர் மிகவும் சூடேறினால் பாசி நீங்கி, பவளம் வெளிறிவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இப்படி நேர்ந்தது.

மனிதர் செய்த கேடும் உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியதால், இங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு கடலில் மூழ்கின. 1986-இல் இப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளத்தைச் சேகரிப்பது இன்று சட்டப்படி குற்றம்.

பிப்ரவரியில் மீண்டும் சென்றோம். அன்று நீர் கண்ணாடிபோல் இருந்தது. கண்ணாடி அடித்தளம் கொண்ட படகிலிருந்து மான்கொம்புப் பவளத்தையும் மூளைப் பவளத்தையும் கண்டோம். பாறையில் படிந்த பாசியைக் கிளிமீன்கள் கொறித்தன. மணலில் கடல் அட்டை ஊர்ந்தது. எதையும் தொடவில்லை. சொறிமீன் பட்டால் உடல் எரியும். கல்போல் கிடக்கும் கல்மீனின் முட்களில் நஞ்சு உண்டு.

தோழியரே! கடல் ‘வா’ என்னும் நாளில் செல்வோம். ‘வேண்டாம்’ என்னும் நாளில் கரையிலேயே நிற்போம். அது நமக்கும் நல்லது, பவளத்திற்கும் நல்லது.