நாசித்தொண்டைப் புற்றுநோயில் வைரஸின் பங்கு

மூக்கின் பின்னால், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடியை ஒட்டிய அறை போன்ற பகுதியே நாசித்தொண்டை. அதன் பக்கச் சுவரிலுள்ள சிறு பள்ளத்தில் பெரும்பாலும் தொடங்கும் புற்றுநோய், வலியின்றி வளர்ந்து, கழுத்தில் நெறி கட்டியது போன்ற வீக்கமாகவோ, ஒரு பக்கக் காது மட்டும் அடைத்துக்கொள்வதாகவோ, காறித் துப்பும் சளியில் ரத்தக்கீற்றாகவோதான் வெளியே தெரிகிறது. அதற்குள் நோய் முற்றிவிடுவதுதான் இதன் பெருங்கொடுமை. தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் இது மிகுதி. இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் அதிகம் காணப்படுகிறது.

இந்நோயோடு பிணைந்திருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் பர்கிட் லிம்போமா என்னும் புற்றுக்கட்டியின் செல்களில், எப்ஸ்டீன், அச்சோங், பார் ஆகிய மூவர் 1964-இல் இதைக் கண்டறிந்தனர். உமிழ்நீர் வழியே பரவும் இந்த வைரஸ், உலகில் வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேலானோரின் உடலில், ரத்த வெள்ளணுக்களில் ஒருவகையான பி செல்களுக்குள், ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் மிகச் சிலருக்கே புற்று வருவதற்கு, பரம்பரையாக வரும் மரபணுக் கூறுகளும், தென்சீனத்தில் குழந்தைப் பருவத்திலிருந்தே உண்ணப்படும் உப்புக் கருவாடும் துணைபோகின்றன. கட்டியின் செல்கள் அனைத்திலும் வைரஸின் டி.என்.ஏ. ஒரே அமைப்பில் இருப்பதால், வைரஸ் புகுந்த ஒற்றைச் செல்லே பெருகிக் கட்டியானது என்று அறிவியலாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

நோய்க்குத் துணைபோகும் அதே வைரஸ் நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. மடியும் புற்றுச்செல்கள் வைரஸ் டி.என்.ஏ.வின் துணுக்குகளை ரத்தத்தில் சிந்துகின்றன. அவற்றைத் தேடி, ஹாங்காங்கில் 40 முதல் 62 வயது வரையிலான, நோய்க்குறி எதுவும் இல்லாத 20,174 ஆண்களின் ரத்தத்தை ஆய்வாளர் டென்னிஸ் லோவின் குழுவினர் சோதித்தனர். 2017-இல் வெளியான அம்முடிவுகளின்படி, 34 பேருக்குப் புற்று கண்டறியப்பட்டது. அவர்களில் 71 சதவீதத்தினர் முதலிரண்டு நிலைகளிலேயே இருந்தனர். இத்தகைய சோதனையின்றி, தாமாகவே மருத்துவமனைக்கு வந்தோரில் அந்த அளவு 20 சதவீதமே.

வைரஸ்தான் காரணமென்றால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை போதாதா என்று கேட்பது இயல்பே. ஆனால், அம்மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் வைரஸையே தடுப்பவை. புற்றுச்செல்லுக்குள் அது பெரும்பாலும் உறக்கநிலையில் இருப்பதால் பயன் கிட்டுவதில்லை. கத்தி எட்டாத ஆழத்தில் கட்டி இருப்பதாலும், கதிர்வீச்சுக்கு அது நன்கு கட்டுப்படுவதாலும், கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. நோய் முற்றியிருந்தால் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. நோயெதிர்ப்பு அணுக்களுக்குப் புற்று போட்டிருக்கும் தடையை நீக்கும் டோரிபாலிமாப் என்ற மருந்தை, பரவிய அல்லது மீண்டும் தலைதூக்கிய நோய்க்கு அமெரிக்கா 2023-இல் அனுமதித்தது. சிகிச்சை முடிந்த பின்னரும் ரத்தத்தில் வைரஸ் துணுக்குகள் நீடித்தால், நோய் திரும்பக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பாக மருத்துவர்கள் அதைக் கொள்கின்றனர்.