முளையால் இளகும் கஞ்சி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நான் தானியம் கொடுக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், குழந்தைக்குக் காலையில என்ன கஞ்சி குடுக்கலாம்?" எந்தத் தானியம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிக் காய்ச்சுவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு, தானியத்தின் பெயரைப் போலவே கஞ்சியின் பக்குவமும் முக்கியம். இந்தக் கட்டுரை அந்தப் பக்குவத்தைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, இப்போது ஊத்துக்கோட்டை பக்கம் கேழ்வரகும் பச்சைப்பயறும் போடுகிறவன் நான். கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது.

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 240 மில்லி. பெரிய டம்ளர் ஒன்று, அவ்வளவுதான். அந்த டம்ளரில் 20 கிராம் கேழ்வரகு மாவு போட்டுக் காய்ச்சினால் கஞ்சி நீர்க்க, குடிக்கிற பதத்தில் இருக்கும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி என்று வைத்தால், அந்த டம்ளரில் 64 கலோரிதான். ஒன்பது முதல் பதினொரு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்கு 300 கலோரியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீர்க்கஞ்சியிலேயே அதை எட்ட வேண்டுமானால் நாலைந்து டம்ளர் குடிக்க வேண்டும். எந்தக் குழந்தை குடிக்கும்?

சரி, மாவைக் கூட்டினால்? அதே தண்ணீரில் 50 கிராம் போட்டால் 160 கலோரி கிடைக்கும். ஆனால் அது களியாக இறுகிவிடும். பல் முளைக்காத குழந்தை அதைத் துப்பும். உடனே நாம் தண்ணீர் ஊற்றுவோம். கஞ்சி இளகும், சத்து நீர்த்துப் போகும், வயிறு மட்டும் நிரம்பும்.

என் பேரன் பத்து மாதத்தில் இருந்தபோது அவன் எடைக் கோடு இரண்டு மாதமாக மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. எடை பார்த்த நர்ஸ் அம்மா என் மருமகளிடம் கேட்டது ஒரே கேள்வி. "கஞ்சியை ஸ்பூன்ல எடுத்துச் சாய்ச்சா ஒழுகுதாம்மா, நிக்குதா?" ஒழுகுது என்றாள் மருமகள். "கெட்டியா குடும்மா" என்றார். கெட்டியாகக் கொடுத்தால் துப்புகிறானே, என்ன செய்வது? அதற்கான விடை நம் பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. முளைகட்டல்.

தானியம் முளைக்கும்போது, உள்ளே இருக்கும் மாவுச்சத்தை உடைத்துக் குருத்துக்கு ஊட்ட ஒரு நொதி உண்டாகிறது. அமைலேஸ் என்பார்கள். தானியங்களில் கேழ்வரகு இதற்குப் பேர் போனது. மாவுச்சத்து வெந்து பிசுபிசுவென்று தண்ணீரை இழுத்துக்கொள்வதால்தான் கஞ்சி இறுகுகிறது. முளைகட்டிய மாவு சேர்ந்தால் இந்த நொதி அந்த மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். இறுகிய கஞ்சி சில நிமிடத்தில் இளகும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகச் சேரவில்லை, 160 கலோரி அப்படியே இருக்கிறது, குழந்தையும் விழுங்குகிறது.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் 1980களில் ஆராய்ந்து முன்வைத்தது இதைத்தான். ஒரு கிண்ணக் கெட்டிக் கஞ்சிக்கு அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் முளைமாவே போதும். முளைகட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இரும்பையும் சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் பைட்டேட் அதில் குறைகிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பட்டை தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. இருக்கிற சத்து உடலில் சேர வேண்டாமா?

இனி செய்முறை.

ஒரு கிலோ கேழ்வரகைக் கல் அரித்து, நாலு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீரைச் சுத்தமாக வடித்து, துவைத்த பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அது போதும், நீளமாக வளர விட வேண்டாம். புளித்த வாடை அடித்தாலோ, நூல் மாதிரி பூஞ்சை தெரிந்தாலோ தயங்காமல் மாட்டுத் தீவனத்தில்கூடச் சேர்க்காமல் எருக்குழியில் கொட்டுங்கள்.

முளைத்ததை மொடமொடவென்று காயவைத்து, கையால் தேய்த்து வேரை ஊதி எடுங்கள். பிறகு இளந்தீயில் வாசனை வரும் அளவுக்கு லேசாகப் புரட்டினால் போதும். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், அப்புறம் முளைகட்டியதில் பாதிப் பயன்தான். மாவு மில்லில் மிளகாயோ மல்லியோ அரைத்த மெஷினில் போடாமல், அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள். ஈரமில்லாத டப்பாவில் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம்.

தினசரிக் கஞ்சிக்கு முளைகட்டாத கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, வறுத்து அரைத்த பச்சைப்பயறு மாவு ஒரு பங்கு. கேழ்வரகு மாவுக்குப் பதிலாக அரைத்துச் சலித்த கிச்சிலிச் சம்பா நொய்யும் நல்லது. குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறி, கெட்டியாக வேகவிடுங்கள். இறக்கி, ஆவி சற்று அடங்கியதும் ஒரு ஸ்பூன் முளைமாவைத் தூவிக் கலக்குங்கள். கண் முன்னாலேயே இளகும். ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விடுங்கள். இந்த இரண்டாவது கொதியைத் தவிர்க்கவே கூடாது, முளைமாவில் இருக்கும் கிருமி அதில்தான் போகும். அரை ஸ்பூன் நெய்யோ செக்கு எண்ணெயோ விட்டு, வெதுவெதுப்பாக ஊட்டுங்கள். காய்ச்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, கஞ்சி வேண்டாம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை, தேன் கூடவே கூடாது. இனிப்புக்கு மசித்த வாழைப்பழம் போதும். நிலக்கடலை சேர்ப்பதானால் நைசாக அரைத்து, முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். கம்பு மாவு சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், வாரத்துக்கு ஆகிற அளவே அரைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறாத குழந்தைக்குக் கஞ்சியை மட்டும் நம்பி இருக்காமல் மருத்துவரையும் பாருங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேவுரு கூழ் இருக்கிறது. மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, மோர் விட்டுக் கொடுக்கும் அந்தக் கூழை ஆடி மாதம் திருவேற்காடு பக்கம் அம்மன் கோயில்களில் ஊற்றுகிறோம். புளிக்கவைப்பதும் முளைகட்டல் போலவே பைட்டேட்டைக் குறைக்கும். ஆடிக்கு மட்டும் என்று ஒதுக்காமல் மற்ற மாதங்களிலும் வீட்டில் காய்ச்சலாம்.

இதில் உழவர்களான நமக்கு என்ன இருக்கிறது? முக்கியமான ஒன்று இருக்கிறது. முளைமாவு செய்ய உயிருள்ள தானியம் வேண்டும். பட்டை தீட்டிய தினையும் சாமையும் முளைக்காது, தீட்டும்போதே முளைக்கரு அடிபட்டுப் போகும். ஈரத்தில் கிடந்த பழைய கேழ்வரகும் சரியாக முளைக்காது. ஆக, நம் சரக்கின் தரத்தை வாங்குபவரே ஈரத்துணியில் நூறு மணி கட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். விதைக்கு நாம் செய்யும் அதே சோதனைதான். நல்லபடி காயவைத்து, சேமித்துக் கொடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எது?

சந்தையும் கண் முன்னால் இருக்கிறது. தமிழக அரசின் முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தது 2024 ஜூலையில், நம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூடாக உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைப்பது பெரிய காரியம். அந்தத் தட்டில் நம் வட்டாரக் கேழ்வரகும் ஏற வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கிறார்கள். திருவள்ளூருக்கும் கேட்கலாம். கிராமசபையில் மனு கொடுக்கக் காசு செலவாகாது.

அதற்கு முன் நாமே செய்யக்கூடியது ஒன்று. அடுத்த முறை கேழ்வரகு மூட்டை கட்டும்போது மூன்று விவரம் எழுதுங்கள்: அறுவடை மாதம், நூற்றுக்கு எத்தனை முளைத்தது, முளைமாவு செய்யும் முறை நாலு வரி. ஆவடியில் ஆறாவது மாடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு முன் நிற்கிற தாய்க்கு அந்த நாலு வரி உதவும்.