விண்ணில் செல்லும் போர்க்கப்பல்: துறை மாறும் சொற்களின் தமிழாக்கம்

1. சிக்கல்

ஒரு துறையில் தோன்றிய சொல் வேறொரு துறைக்குச் செல்லும்போது, வடிவம் மாறாமல் புதிய பொருளை ஏற்பதுண்டு. இத்தகைய சொற்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கலைக் கோலார் தங்கவயலின் ஓர் இடப்பெயரும், தொலைக்காட்சி அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் விண்போர்க்கப்பல்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

2. சாம்பியன் ரீஃப்

கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் மேலாண்மையில் சுரங்கத் தொழில் வளர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழர் அங்குத் தொழிலாளருள் பெரும்பகுதியினராயினர். 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட அச்சுரங்கங்களுள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடைய சாம்பியன் ரீஃப் ஒன்றாகும்.

'ரீஃப்' கடலோடிகளின் சொல். நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாறைத்தொடரை அது குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் அச்சொல் பொன் பொதிந்த பாறைப் படிவத்தைக் குறிக்கலாயிற்று. அப்பொருளிலேயே அது கோலாருக்கும் வந்தது. அகராதியின் முதற்பொருளைக் கொண்டு 'பவளப்பாறை' என மொழிபெயர்த்தால், கடலே இல்லாத பீடபூமியில் பவளப்பாறை தோன்றிவிடும். பொதுப்பெயராக வருமிடத்துப் 'பொன்தாதுப் படிவம்' என்பதும், ஊர்ப்பெயராக வருமிடத்து ஒலிபெயர்ப்பும் பொருந்தும். இவ்விரு நெறிகளும் விண்கப்பலுக்கும் உரியன.

3. கடற்சொற்கள் விண்ணில்

1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் எண்டர்பிரைஸ், ஏறத்தாழ 430 பேர் பணிபுரியும் கலமாகும். அதன் உறுப்புகளும் பதவிகளும் கடற்படையின் பெயர்களையே பெற்றுள்ளன. கலத்தை இயக்கும் தலைமை அறை 'பிரிட்ஜ்' எனப்படுகிறது. சக்கரத் துடுப்புடைய பழைய நீராவிக் கப்பல்களில் இருபுறச் சக்கரக் கூடுகளையும் இணைத்த நடைமேடையால் வந்த பெயர் அது. விண்கப்பலில் அதனைப் 'பாலம்' என்றால் பொருள் சிதையும். 'ஆணைமேடை' என்பது அதன் செயலை உணர்த்தும்.

'கேப்டன்' என்பதைத் 'தளபதி' எனப் பெயர்ப்பதும் சிக்கலுக்கு இடமளிக்கும். இந்தியக் கடற்படையின் கேப்டன் தரைப்படையின் கர்னலுக்கு இணையானவர். தரைப்படையின் கேப்டனோ கடற்படை லெப்டினன்டுக்கு இணையானவர். அத்தொடரில் 'கமாண்டர்' என்னும் தனித் தரநிலையும் உண்டு. 'தளபதி' என்பதை அதற்கு ஒதுக்கிக் 'கலத்தலைவர்' என்பதைக் கேப்டனுக்கு வழங்கின் மயக்கம் நீங்கும்.

கலவகைகளைப் பிரித்துச் சுட்டுதல் அடுத்த தேவை. 'விண்கலம்' என்பது ஆளில்லாச் சந்திரயானுக்கும் வழங்கும் பொதுச்சொல். ஆகவே பெருங்கலத்தை 'விண்கப்பல்' என்றும், அதிலிருந்து புறப்படும் கலிலியோ போன்ற சிறுகலத்தை 'விண்ணோடம்' என்றும் வேறுபடுத்தலாம். கலம் என்பது பாண்டத்தையும் அணியையும் மரக்கலத்தையும் குறிக்கும் பழஞ்சொல்லாதலின் விண்ணுக்கும் எளிதில் பொருந்தியது. ஆயினும் படையைச் சார்ந்த கலத்தைப் 'படைக்கலம்' என்றல் இயலாது. அது ஆயுதத்தையே குறிக்கும். 'விண்போர்க்கப்பல்' என்னும் தொகையே ஐயமற்றது.

4. இயற்பெயர்

1974இல் ஜப்பானில் ஒளிபரப்பான அசைவூட்டத் தொடரொன்றின் கப்பல் 'யமாட்டோ'. 1945 ஏப்ரல் 7ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்ட போர்க்கப்பலின் பெயர் அது, ஜப்பானின் பழம்பெயருமாகும். மூழ்கிய அக்கப்பலே மீட்டுருவாக்கப்பட்டு விண்ணில் செல்வதாகக் கதை அமைகிறது. 1979இல் வந்த அமெரிக்க ஆங்கில வடிவம் அக்கப்பலைக் கிரேக்கத் தொன்மத்தின் 'ஆர்கோ' ஆக்கியது. நெடும்பயணம் என்னும் குறிப்பு எஞ்சியது. பெயரில் உறைந்திருந்த போர்நினைவு மறைந்தது.

எண்டர்பிரைசுக்கும் இது பொருந்தும். அது அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் பல தாங்கிய பெயர். தொடரின் நேயர்கள் வேண்டியதன் பேரில் 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்திற்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. அதனை 'முயற்சி' என மொழிபெயர்த்தால் கடற்படை, புனைவு, விண்வெளித்துறை மூன்றையும் இணைக்கும் தொடர்பு அறுபடும்.

5. முடிவு

துறை மாறிய பொதுச்சொல்லை அது இப்போது ஆற்றும் செயலறிந்து தமிழாக்குதல் வேண்டும். வரலாற்றைச் சுமக்கும் இயற்பெயரை ஒலிபெயர்த்துக் காத்தல் வேண்டும். முன்னதில் தவறினால் பொருள் கெடும். பின்னதில் தவறினால் நினைவு கெடும். சுரங்கம் மூடிய பின்னரும் சாம்பியன் ரீஃப் என்னும் ஊர்ப்பெயர் தமிழர் வழக்கில் நிலைத்திருத்தல் இதற்குத் தக்க சான்றாகும்.