ஏவுகணை கப்பலுக்குள்ளேயே எரிந்தால்?

வேலம்பாளையத்தில் ஒரு வேஸ்ட் குடோனில் தீப்பிடித்தால், மணலையோ நுரையையோ கொட்டிக் காற்றைத் தடுக்கப் பார்ப்போம். ராக்கெட்டின் திட எரிபொருளிடம் அது பலிக்காது. அலுமினியத் தூளோடும் ரப்பர் போன்ற பிணைப்பானோடும் அதில் கலந்திருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட்டிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. பற்றிவிட்டால் தீரும்வரை எரியும். 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இப்படிப் பற்றிய தீ ஆறு பேரின் உயிரைப் பறித்தது.

ஐஎன்எஸ் கொல்கத்தா போன்ற நம் போர்க்கப்பல்களில், மேல்தளத்துக்கு அடியில் 32 பராக்-8 ஏவுகணைகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒன்று கிளம்பாமல் உள்ளேயே எரிந்தால் என்ன ஆகும்?

2018 ஜூன் 21 அன்று நார்வே அருகே ஜெர்மனியின் சாக்சன் கப்பலில் அதுவே நடந்தது. எஸ்எம்-2 ஏவுகணை ஒன்று குழாயை விட்டு வெளியேறாமல், கப்பலைச் செலுத்தும் மேடைக்கு நேர் முன்னால் எரிந்து தீர்ந்தது. தளம் கருகியது, இருவருக்கு லேசான காயம். கப்பல் தன் சொந்த ஆற்றலிலேயே துறைமுகம் சேர்ந்தது.

காப்பாற்றியது வடிவமைப்பு. ஏவுகுழாய்களுக்கு அடியில் ஒரு பொது அறை உண்டு. நெருப்பு வாயு அதில் இறங்கி, நடுவிலுள்ள புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். உட்பூச்சு தானே கருகி எஃகைக் காக்கும். வெடிமுனை சூடேறாதபடி தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடும் உண்டு. இதில் கடைசி ஏற்பாடுதான் உயிர்நாடி. மோட்டார் எரிவது வேறு, வெடிமருந்து வெடிப்பது வேறு. எரியும் வாயுவுக்கு வழிவிடலாம். வெடிப்பின் அதிர்வலைக்கு வழிவிட முடியாது.

1967 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் தவறுதலாகப் பாய்ந்த ஒரு சூனி ராக்கெட், விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் தீயில் கிடந்த பழைய குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. 134 பேர் மாண்டார்கள். கப்பல் மிதந்ததற்கு அதன் பருமனே பெரிய காரணம்.

நீர்மூழ்கிக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவு கடந்ததும், மும்பைக் கடற்படைத் தளத்தில் ஐஎன்எஸ் சிந்துரக்ஷக்கின் முன்பகுதி ஆயுத அறை வெடித்தது. இரும்பு ஓட்டுக்குள் அடைபட்ட வெடிப்புக்கு வெளியேற வழியில்லை. 18 வீரர்களோடு கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியது.

ஆக, மோட்டார் எரிந்தால் நல்ல கப்பல் பிழைக்கும். வெடிமுனைகள் ஒன்றையொன்று தொற்றினால் பிழைப்பது அரிது. புதிய ஏவுகணை அறிமுகமாகும்போது எத்தனை கிலோமீட்டர் பாயும் என்றே நாம் கேட்கிறோம். தீயில் கிடந்தால் அது எத்தனை நிமிடம் வெடிக்காமல் தாங்கும் என்பதையும் கேளுங்கள்.