இசைத்தட்டின் நடுவில் சிறிய எழுத்தில்

சோல் இசைத்தட்டு ஒன்றின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளில் பாடலின் பெயரும் பாடியவரின் பெயரும் பளிச்சென்று தெரியும். எழுதியவரின் பெயர் பாடல் தலைப்பின் கீழே, பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள், கூர்ந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படும். 1950களின் பிற்பகுதியிலிருந்து 1970கள் வரை அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இந்த இசையில் தாங்களே எழுதிப் பாடியவர்களும் உண்டு, பிறர் எழுதியதை மட்டுமே பாடியவர்களும் உண்டு. எழுதியும் பெயர் இல்லாமல் போனவர்களும் உண்டு. பாடுபவர் தன் சொந்த வலியைத்தான் கொட்டுகிறார் என்று கேட்பவரை நம்பவைக்கும் இசை இது. அந்த வலியை வார்த்தையாக்கியவர் வேறொருவர் என்று அறியும்போது பலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. ஏமாறத் தேவையில்லை. சோல் இசையில் எழுதுவது எங்கே முடிகிறது, பாடுவது எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது கடினம்.

இதற்கு வேர் தேவாலயத்தில் இருக்கிறது. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பல் பாட்டு ஏட்டில் உள்ளபடி பாடப்படுவதல்ல. முன்பாட்டுக்காரர் ஒரு வரியை எடுப்பார், இழுப்பார், உடைப்பார், இடையில் தன் சொற்களைச் சேர்ப்பார். சபை பதில் கொடுக்கும். அந்தப் பழக்கத்தை மதுக்கூடத்துக்கும் நடன அரங்குக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ரே சார்ல்ஸ். 1954இல் அவரும் அவருடைய குழுவில் டிரம்பெட் வாசித்த ரெனால்ட் ரிச்சர்டும் ஒரு காஸ்பல் பாட்டின் மெட்டைத் தழுவி 'ஐ காட் எ வுமன்' என்ற காதல் பாட்டை உருவாக்கினார்கள். இறைவனைப் பாடிய மெட்டில் ஒரு பெண்ணைப் பாடியது பக்தர்கள் பலரைக் கோபப்படுத்தியது. 1959இல் வெளிவந்த 'வாட்ட் ஐ சே' மேடையிலேயே பிறந்தது. நடன நிகழ்ச்சியில் மீதமிருந்த நேரத்தை நிரப்ப அவர் கைபோன போக்கில் வாசித்தது அது. ஆனால் அதன் பிறகு அவர் பெற்ற பெரும் வெற்றிகளைப் பார்த்தால், 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' 1930இல் வேறு இருவர் எழுதியது, 'ஹிட் தி ரோட் ஜாக்' பெர்சி மேஃபீல்டு எழுதியது. 1962இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற தொகுப்பு முழுவதும் வெள்ளையர்களின் நாட்டுப்புற வகையான கன்ட்ரி பாடல்கள்தான். எழுதத் தெரிந்த மனிதர், பாடுவதையே எழுத்தாக ஆக்கிக்கொண்டார்.

எழுதியவர் பெயர் எதற்காக இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காசுதான் பதில். அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டிலும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் என்ற அளவில் எழுதியவர் பக்கத்துக்கு ராயல்டி போனது. 1978 வரை அந்த 2 சென்ட் மாறவில்லை. அதை எழுதியவரும் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பு நிறுவனமும் பங்கிட்டுக்கொண்டன. பாடகரின் ராயல்டியோ வேறு கணக்கு. ஒலிப்பதிவுச் செலவைக் கம்பெனி கழித்த பிறகுதான் அது கைக்கு வரும், பல பேருக்கு வரவே இல்லை. வானொலியில் ஒலிபரப்பாகும்போது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இது தெரிந்த பாடகர்கள் பேனாவைப் பிடித்தார்கள்.

இதை மிகச் சீக்கிரம் புரிந்துகொண்டவர் சாம் குக். சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் குழுவின் முன்பாட்டுக்காரராக இருந்த அவர், 1957இல் 'யூ செண்ட் மீ' பாட்டோடு உலகியல் இசைக்கு வந்தார். அந்தத் தட்டில் எழுதியவராக இருந்தது அவருடைய தம்பி எல்.சி.யின் பெயர். பழைய கம்பெனிக்குத் தன் பாட்டின் உரிமை போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிறகு ஜே.டபிள்யூ. அலெக்சாண்டருடன் சேர்ந்து சொந்தப் பதிப்பு நிறுவனமும், இசைத்தட்டுக் கம்பெனியும் நடத்தினார். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் வெள்ளையர்களுக்கான விடுதி ஒன்று அவரையும் மனைவியையும் குழுவினரையும் ஏற்க மறுத்தது. அவர் தகராறு செய்ததாகக் கைதும் செய்யப்பட்டார். அந்த அவமானமும், இளம் வெள்ளையரான பாப் டிலன் எழுதிய உரிமைப் பாட்டு ஒன்றைக் கேட்டு 'இதை நம்மவர் அல்லவா எழுதியிருக்க வேண்டும்' என்று எழுந்த எண்ணமும் சேர்ந்துதான் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பிறந்தது. 1964 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில் அது தனித் தட்டாக வெளிவந்தது.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனியில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு இருந்தது. 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி அதைத் தொடங்கிய பெரி கோர்டி தானே பாட்டெழுதிப் பிழைத்தவர். எழுத்தில்தான் காசு இருக்கிறது என்று அனுபவத்தில் அறிந்தவர். தன் மூன்று பிள்ளைகளின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து 'ஜோபெட்' என்று பதிப்பு நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார். எழுதுவதற்குத் தனி ஆட்கள், பாடுவதற்குத் தனி ஆட்கள். பிரையன் ஹாலண்ட், லமாண்ட் டோசியர், எடி ஹாலண்ட் என்ற மூவர் அணி மெட்டும் வரியும் கட்ட, சுப்ரீம்ஸ் பெண்கள் பாடினார்கள். அந்தக் குழு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 12 பாடல்களில் 10 இந்த மூவருடையவை. வாரந்தோறும் கூட்டம் போட்டு எந்தப் பாட்டு வெளியாகலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரே பாட்டைப் பலரிடம் கொடுத்துப் பார்ப்பதும் வழக்கம். நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் எழுதிய 'ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' பாட்டை மார்வின் கே பாடி வைத்திருந்தும் கம்பெனி அதை நிறுத்திவைத்தது. 1967இல் கிளாடிஸ் நைட் பாடியது வெளியாகி ஓடியது. அடுத்த ஆண்டு மார்வின் பாடியதும் வந்து அதைவிடப் பெரிதாக ஓடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பாட்டு என்றே தோன்றாது. ஒன்று சண்டை, மற்றொன்று சந்தேகம்.

அந்தப் பாரெட் ஸ்ட்ராங்தான் மோடவுனின் முதல் வெற்றியான 'மனி' பாட்டைப் பாடியவர். 1959இல் காப்புரிமை பதிவானபோது எழுதியவர்களில் ஒருவராக இருந்த அவர் பெயர் மூன்றாண்டுகளில் நீக்கப்பட்டது. அது அவருக்குத் தெரியவந்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. மூவர் அணியும் ராயல்டித் தகராறில் கம்பெனியை விட்டு வெளியேறி வழக்காடியது. ஆனாலும் மோடவுனுக்குள்ளேயே எழுதவும் பாடவும் செய்த ஸ்மோக்கி ராபின்சன் இருந்தார். தன் மிராக்கிள்ஸ் குழுவுக்கு மட்டுமின்றி டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்கும் மேரி வெல்சுக்கும் எழுதினார். வலேரி சிம்சனும் நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்டும் மற்றவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தாங்களே பாட வந்தார்கள்.

மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கம்பெனி, பழைய திரையரங்கு ஒன்றின் சரிந்த தரையில் ஒலிப்பதிவு நடத்திய இடம். இங்கே எழுதுபவரும் வாசிப்பவரும் பாடுபவரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஐசக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் சாம் அண்ட் டேவ் இரட்டையருக்கு 'சோல் மேன்' போன்ற பாடல்களைக் கொடுத்தார்கள். கிட்டார்க்காரர் ஸ்டீவ் கிராப்பர் வந்த பாடகர்களோடெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார். லொரேன் மோட்டல் அறையில் வில்சன் பிக்கெட்டோடு ஒரு பாட்டு, அதே விடுதியில் இடி இடித்த இரவில் எடி ஃபிளாய்டோடு ஒரு பாட்டு. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த விடுதியின் மாடியில்தான். ஸ்டாக்ஸில் பாடிய ஓடிஸ் ரெடிங் ஊதுகருவிக்காரர்களுக்கு அவர்கள் வாசிக்க வேண்டியதை வாயாலேயே பாடிக் காட்டுவார். 'டாக் ஆஃப் தி பே' பாட்டை அவர் கலிஃபோர்னியாவில் ஒரு படகு வீட்டில் தொடங்கி, கிராப்பரோடு சேர்ந்து முடித்தார். பதிவு முடிந்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, 26 வயதில் விமான விபத்தில் இறந்தார்.

ரெடிங் எழுதிய 'ரெஸ்பெக்ட்' பாட்டின் கதைதான் இந்த விஷயத்தின் உச்சம். 1965இல் அவர் பாடியபோது அது வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீதா ஃபிராங்க்ளின் அதைப் பதிவு செய்தார். மரியாதை கேட்பவர் பெண்ணானதும் பாட்டு தலைகீழானது. அவரும் தங்கை கரோலினும் தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லும் பகுதியைச் சேர்த்தார்கள். பின்பாட்டில் சகோதரிகளின் துள்ளும் குறுக்குச் சொற்கள் சேர்ந்தன. நடுவே கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோனுக்காக வேறொரு பாட்டின் சுர அமைப்பு புகுத்தப்பட்டது. இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் ரெடிங்கின் மூலத்தில் இல்லாத இந்தப் பகுதிகளைத்தான். அது முதலிடம் பிடித்தது, பெண்ணுரிமைக்கும் கறுப்பின உரிமைக்கும் முழக்கமானது. ஆனால் தட்டில் எழுதியவர் பெயர் ரெடிங் மட்டுமே. வானொலியில் அது ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் பணம் போனது அவர் பக்கத்துக்கு. இணையவழி ஒலிபரப்புக்குப் பாடியவருக்கும் பங்கு தரும் சட்டம் 1995இல் வந்தது. சாதாரண வானொலிக்கு அமெரிக்காவில் அது இன்றும் வரவில்லை. ஒரு பாட்டைப் புதிதாகப் பிறப்பித்த பெண்ணுக்கு அது வானொலியில் ஒலிக்கும்போது ஒரு சென்ட்கூட இல்லை என்பது பெரிய அநீதி.

அரீதா எழுதத் தெரியாதவர் அல்ல. 1968இல் வந்த 'திங்க்' அவர் எழுதியது. அப்போதைய கணவர் டெட் வைட்டின் பெயரும் அதில் உண்டு. 'ராக் ஸ்டெடி', 'டே டிரீமிங்' இரண்டும் அவருடையவை. 'எயின்ட் நோ வே' தங்கை கரோலின் எழுதியது. பியானோவில் தானே உட்கார்ந்து, பிறர் பாட்டாயினும் அதன் தாளத்தையும் சுரத்தையும் அவர் மாற்றியமைத்தார். அவரை வெறும் பாடகி என்று வரையறுப்பவர்கள் அவர் வாசித்ததைக் கேட்காதவர்கள்.

பெயர் தவறான கைக்குப் போன கதைகள் இன்னும் பல. 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டை 1966இல் பாடிய பெர்சி ஸ்லெட்ஜ், மெட்டு தன்னுடையதே என்றும், குழுவிலிருந்த கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் இருவருக்கும் தானாகவே பெயரை விட்டுக்கொடுத்ததாகவும் பின்னாளில் சொன்னார். எட்டா ஜேம்ஸ் 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்' பாட்டில் தனக்கும் பங்கிருந்தும் வரித் தொல்லைக்காகத் தன் பெயரைப் போடவில்லை என்று சுயசரிதையில் எழுதினார். ஜேம்ஸ் பிரவுனின் பாடல்கள் வேறு வகை. 1967இன் 'கோல்ட் ஸ்வெட்' பாட்டுக்கான தாளத்தை அவர் முனகிக் காட்ட, சாக்ஸபோன் கலைஞர் பீ வீ எல்லிஸ் அதை இசையாக்கினார். எல்லிஸுக்குப் பெயர் கிடைத்தது. 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த டிரம்ஸ் பிற்காலத்தில் எண்ணற்ற ராப் பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. எழுதியவர் பெயரில் அவர் இல்லாததால் ராயல்டியும் இல்லை.

1970கள் தொடங்கியதும் பாடகர்கள் எழுத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். சிகாகோவில் கர்ட்டிஸ் மேஃபீல்டு அதற்கும் முன்பே தன் பாடல்களையும் அவற்றின் பதிப்புரிமையையும் தானே வைத்திருந்தார். 1971இல் மார்வின் கே, பெரி கோர்டி தயங்கியபோதும் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்புப் பாட்டின் விதை ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சனுடையது. பெர்க்லி நகரில் 1969இல் போலீசார் இளைஞர்களைத் தாக்கியதைப் பார்த்து அவர் தொடங்க, ஆல் கிளீவ்லாண்ட் சேர்ந்தார், மார்வின் முடித்தார். தனி மனிதரின் வாக்குமூலம் என்று கொண்டாடப்படும் அந்தப் பாட்டுக்கும் எழுதியவர்கள் மூவர். அதே 1971இல் 21 வயதான ஸ்டீவி வொண்டர், பழைய ஒப்பந்தம் முடிந்ததும், சொந்தப் பதிப்பு நிறுவனமும் எழுதிப் பாடும் முழுச் சுதந்திரமும் கேட்டு வாங்கினார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் தந்த தொகுப்புகள் அந்தச் சுதந்திரத்தின் விளைச்சல். மறுபுறம் ஃபிலடெல்ஃபியாவில் கென்னி கேம்பிளும் லியான் ஹஃபும் பழைய பாணியில் பாடகர்களுக்கு எழுதிக் கொடுத்து வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஸ்லாப் ஃபோர்க்கில் பிறந்த பில் விதர்ஸ், விமானக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1971இல் முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 30ஐத் தாண்டியிருந்தது. 1972இல் 'லீன் ஆன் மீ' முதலிடம் பிடித்தது. தான் வளர்ந்த சிற்றூரில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்ததை வைத்து எழுதியது அது. 1985க்குப் பிறகு, இசைக் கம்பெனிகளின் தலையீடு பிடிக்காமல், புதிய தொகுப்பு எதையும் அவர் வெளியிடவில்லை. 1987இல் கிளப் நூவோ என்ற குழு அதே பாட்டை வேறு தாளத்தில் பாட, அது மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுக்கான கிராமி விருது, எழுதியவர் என்ற முறையில் விதர்ஸுக்குக் கிடைத்தது.