சான்றிதழ் அசலா, போலியா? சந்தேகங்களும் விளக்கங்களும்

போலிச் சான்றிதழால் ஒருவர் பெறும் வேலை, நேர்மையாகப் படித்த இன்னொருவரிடமிருந்து பறித்தது. இந்த மோசடியைத் தடுக்கும் பொறுப்பு சான்றிதழ் வைத்திருப்போருக்கும் உண்டு, வாங்கிப் பார்ப்போருக்கும் உண்டு. இது குறித்துப் பொதுவாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இதோ.

முத்திரை, ஹாலோகிராம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தால் அசல்தானே?

அப்படி முடிவு செய்ய முடியாது. இவை போலி தயாரிப்பவருக்குச் சிரமம் தரும், அவ்வளவுதான். சான்றிதழை வழங்கிய இடத்திலுள்ள பதிவோடு ஒப்பிடுவதே உறுதியான வழி. அரசுப் பணியில் சேர்பவரின் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 சான்றுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி 'உண்மைத்தன்மை' கேட்பது இதற்காகத்தான்.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் விவரம் வருகிறது. போதாதா?

எந்த இணையதளம் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். அசலைப் போலவே தோன்றும் போலித் தளத்துக்கு அது அழைத்துச் செல்லலாம். வேறொருவரின் உண்மையான கோடை வெட்டி ஒட்டியிருக்கவும் கூடும். எனவே திரையில் வரும் பெயர், பதிவு எண், மதிப்பெண் மூன்றையும் தாளோடு ஒப்பிட வேண்டும்.

இ-சேவையில் வாங்கிய வருமானச் சான்றிதழைக் கணினியில் திறந்தால், கையெழுத்தின் மேல் கேள்விக்குறி தெரிகிறதே?

அதனாலேயே அது போலி ஆகிவிடாது. கையெழுத்துக்குச் சான்றளித்த அமைப்பை உங்கள் மென்பொருள் இன்னும் நம்பகப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். டிஜிட்டல் கையெழுத்திட்ட கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். பிரிண்ட் எடுத்த தாளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்போது சான்றிதழ் எண்ணை இ-சேவை இணையதளத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

டிஜிலாக்கரில் இருப்பது அசலுக்குச் சமமா?

வழங்கிய துறையே டிஜிலாக்கரில் சேர்த்த ஆவணம் அசலுக்குச் சமம். 2017இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதி இதை உறுதி செய்கிறது. நாமே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி இல்லை.

என் சான்றிதழைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காப்பது எப்படி?

தேர்ச்சி பெற்ற மகிழ்ச்சியில் மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போலி தயாரிப்பவருக்குத் தேவையான பதிவு எண், பிறந்த தேதி, வடிவமைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். சேர்க்கையின்போது கல்லூரிகள் அசலைச் சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் அறிவித்திருக்கிறது. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

போலிச் சான்றிதழைத் தந்து தரகர் ஏமாற்றிவிட்டார் என்று சொன்னால் தண்டனையிலிருந்து தப்பலாமா?

ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் தயாரித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 336ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. போலி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ பயன்படுத்துபவருக்கும், தயாரித்தவருக்குரிய தண்டனையே என்கிறது 340ஆம் பிரிவு. படிக்காமல், தேர்வு எழுதாமல் கிடைத்த பட்டத்தை அசல் என்று நம்பியதாகச் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம். அப்படிப் பட்டம் வாங்கித் தருவதாக யார் அணுகினாலும் உடனே போலீசில் புகார் கொடுங்கள்.